சட்டம் கேட்போம்: "சர்க்கார் வக்கீலாக விண்ணப்பிக்கலாமா, மேடம்?"

கேள்வி: வணக்கம் மேடம். கூடலூர், பந்தலூர் நீதிமன்றங்களில் எட்டு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். சிவில் வழக்குகள்தான் அதிகம். சீனியருக்கு வரும் சர்வீஸ் மேட்டர்களுக்கு (அரசு ஊழியர்களின் பணி சம்பந்தமான வழக்குகள்) டிராஃப்ட் போட்டுக்கொடுத்த பழக்கமும் உண்டு. அரசுத் தரப்பில் ஆஜராகும் பணிக்கு விண்ணப்பிக்க ஆசை. "சிபாரிசு இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே" என்கிறார்கள் பார் ரூமில். இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. என் தாத்தா இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் சேர்ந்தவர். அப்பா, அம்மாவும் அதே தோட்டம். சர்க்கார் வக்கீலானால் எங்கள் ஜனங்களுக்கு எதிராகவே நிற்க வேண்டிவருமோ?
– பெயர் வேண்டாம், கொளப்பள்ளி

பதில்: விண்ணப்பியுங்கள் அம்மா. உங்களைப் போன்றவர்கள் தயங்கி ஒதுங்கும் இடத்தில், கேஸ் கட்டைப் பிரித்தே பார்க்காத ஒருவர் போய் உட்கார்ந்துவிடுகிறார். அதன் பலனை அனுபவிப்பது உங்கள் ஊர்க்காரர்களும்தான்.

எந்தப் பணிக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆஜராகும் ஏ.பி.பி. (உதவி அரசு குற்றவியல் வழக்கறிஞர்) என்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது ஐந்து ஆண்டு பிராக்டிஸ் கேட்பார்கள். உங்கள் சிவில் அனுபவம் அங்கே கணக்கில் வராது. சர்வீஸ் மேட்டரில்தான் மனசு என்றால் இடம் உயர் நீதிமன்றம். நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பிறகு அரசு ஊழியர்களின் வழக்கெல்லாம் அங்கேதான் ரிட் மனுவாகப் போகிறது. கொடைக்கானல்காரர்களுக்கு 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இருக்கிறது. நீலகிரிக்கு இன்றும் சென்னைதான். அங்கே அரசுத் தரப்புச் சட்ட அலுவலர்களை நியமிக்க 2017-ல் தனி விதிகளே வந்துவிட்டன. ஆனால் சென்னையில் குடியேறி, அங்குள்ள நீதிபதிகள் முன்னால் சில காலம் நின்று பழகாமல் அதற்கு மனுப் போடுவதில் பெரிய பயன் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது மாவட்ட அளவிலான பணி: சிவில் வழக்குகளில் அரசுக்காக நிற்கும் அரசு பிளீடர், கூடுதல் அரசு பிளீடர். குற்றவியல் பக்கம் பி.பி. (அரசு குற்றவியல் வழக்கறிஞர்) நியமனத்துக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 18-வது பிரிவாகியிருக்கிறது. ஏழு ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப்பட்டியல் தயாரிப்பார், அரசு அதிலிருந்து நியமிக்கும். இடம் காலியானால் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். அதிலுள்ள படிவமும் கடைசித் தேதியும்தான் வேதம், யார் வாய்வழியாகச் சொல்வதையும் நம்பாதீர்கள். இது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகம் இல்லை என்பதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கட்டணத்துக்குப் பில் போட்டு, அது பாஸாகி வர நாளாகும். அதுவரை குடும்பம் ஓட வழி இருக்க வேண்டும்.

சிபாரிசு பற்றி. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவது எல்லோரும் பார்க்கிற விஷயம், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் சட்டம் அப்படியே கைகட்டி நிற்கவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் எல்லோரையும் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பியபோது, ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. பஞ்சாப், ஹரியாணா நியமனங்கள் தொடர்பான பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் 2016-ல், அரசு வழக்கறிஞர் தேர்வு வெளிப்படையாகவும் தகுதியைப் பார்த்தும் நடக்க வேண்டும் என்று சொன்னது. பொதுப் பணத்தில் அமர்த்தப்படுகிறவர் யாருடைய சொந்த ஆளும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம். பெயர்ப்பட்டியலில் நீதிபதியின் கருத்து கேட்கப்படும் இடத்தில் உங்கள் உழைப்புக்கு மதிப்பு இருக்கிறது. தினமும் அவர் முன்னால் நிற்பது நீங்கள், சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறவர் இல்லை.

விண்ணப்பத்தை எழுதுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். "திறம்படப் பணியாற்றுவேன், நேர்மையாக உழைப்பேன்" என்று ஒரு பக்கம் நிரப்பிக் கொடுக்காதீர்கள். நடத்திய வழக்குகளை எழுதுங்கள்: வழக்கு எண், எந்த நீதிமன்றம், யார் தரப்பு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தது நீங்களா சீனியரா, என்ன முடிவு. சீனியருக்கு உதவியாக இருந்தவற்றைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். தோற்ற வழக்கு ஒன்றையும் சேருங்கள், ஏன் தோற்றது என்று நாலு வரியில். உங்கள் பெயர் பதிவான தீர்ப்பு நகல்கள், நீங்களே தயாரித்த எதிர்வாதுரை ஒன்று, பார் கவுன்சில் பதிவுச் சான்று, சங்கத்திலிருந்து அனுபவச் சான்று எல்லாம் இணைப்பாகப் போகட்டும். அரசுக்கு எதிராக இப்போது உங்கள் கையில் இருக்கும் வழக்குகளையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நியமனம் ஆனால் அந்தக் கட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கட்சிக்காரர்கள் வேறு வக்கீல் பார்க்க அவகாசமும் கொடுக்க வேண்டும்.

ஆட்சியரோ நீதிபதியோ அழைத்துப் பேசினால் என்ன கேட்பார்கள்? சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவையும் 27-வது கட்டளையையும் விரல்நுனியில் வைத்திருங்கள். வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் ஏன் என்று கேட்டால், "அரசு தயாராவதற்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தப்பைத் திருத்திக்கொள்ள அரசுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. நடப்பில் அந்த நோட்டீஸ் ஏதோ ஒரு பிரிவின் தபால் கட்டில் தூங்கும். அதற்குப் பதில் அனுப்ப ஒவ்வொரு துறையிலும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு பிளீடராகப் பொறுப்பேற்றதும் ஆட்சியர் அலுவலகத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பதில் போகாத 80-வது பிரிவு நோட்டீஸ்களின் பட்டியல். காலதாமதம் இன்னொன்று. அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக அப்பீல் செய்துவிட்டு, கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததைக் காரணம் காட்டியது. அரசு என்பதால் தனிச் சலுகை கிடையாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. உதகையில் நகல் மனு போடும் நாளிலிருந்தே அப்பீல் கெடுவை எண்ணத் தொடங்குகிற வக்கீல்தான் அரசுக்குத் தேவை.

இந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கோப்பைச் சொல்கிறேன். நான் உதகையில் அரசு பிளீடராக இருந்தபோது ஒரு துறையிலிருந்து சட்டக் கருத்து கேட்டு வந்தது. ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் ஒருவர். மலைப்படிக்கு உரிய இடத்திலிருந்து கீழே மாற்றலாகிப் போன பிறகும் அவருக்கு மலைப்படி தொடர்ந்து சம்பளத்தில் ஏறியிருக்கிறது. பல வருடம் கழித்துத் தணிக்கைத் தடை வந்தது. மொத்தத்தையும் பணிக்கொடையில் பிடித்துவிடலாமா என்பது கேள்வி. கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பில் தணிக்கைக் கடிதமும் கணக்குத் தாளும் சுத்தமாக இருந்தன. அதை மட்டும் பார்த்தால் "பிடிக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அலுவலகத்துக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புக் கோப்பையும் நான் வரவழைத்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் பிரிவு உதவியாளர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: மாறுதல் ஆணையின் நகலை ஊழியர் உரிய காலத்தில் கொடுத்திருக்கிறார், தவறான தகவல் எதுவும் அவர் தரவில்லை. அதற்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "தணிக்கைத் தடைப்படி பிடித்தம் செய்க". அந்த உதவியாளரின் குறிப்பை யாரும் மறுக்கவும் இல்லை, படித்ததாகவும் தெரியவில்லை.

ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லிவிட்டது. கூடுதலாகக் கொடுத்த தொகையை சி, டி பிரிவு ஊழியர்களிடமோ ஓய்வுபெற்றவர்களிடமோ திரும்பப் பிடிக்கக் கூடாது; ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்திருந்தாலும் பிடிக்கக் கூடாது. இந்த மனிதருக்கு மூன்றுமே பொருந்தியது. பிடித்தம் நிற்காது, வழக்கு வந்தால் அரசு தோற்கும், கவனக்குறைவுக்குப் பொறுப்பு சம்பளப் பட்டியல் போட்டவர்களுடையது என்று கருத்து எழுதினேன். துறை அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "நீங்கள் எங்கள் வக்கீலா, அவர் வக்கீலா" என்று போனிலேயே கேட்டார். அரசின் வக்கீல் என்பதால்தான் அப்படி எழுதினேன் என்றேன். பிடித்தம் கைவிடப்பட்டது. அந்த முதியவர் பணிக்கொடைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிவரவில்லை.

சர்வீஸ் மேட்டரில் முக்கால்வாசி இப்படித்தான். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மாதக்கணக்கில் சஸ்பென்ஷனில் வைப்பார்கள். மூன்று மாதத்துக்குள் குறிப்பாணை தராவிட்டால் சஸ்பென்ஷன் நீடிக்கக் கூடாது என்று 2015-ல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. அரசு வக்கீல் கோர்ட்டில் சாமர்த்தியமாகப் பேசிக் காப்பாற்ற முடியாத கோப்புகள் இவை. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை தரும் பதிலான பத்திவாரிக் குறிப்புரை கையெழுத்தாகும் முன்னால் தடுத்தால்தான் உண்டு. சர்வீஸ் டிராஃப்ட் போட்டுப் பழகிய உங்கள் கைக்கு மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்காகவே 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் டான்டீ. அங்கே லயத்து வீட்டில் பிறந்த பெண் அதே அரசுக்காக எழுந்து நிற்பது என்றால் நெஞ்சு கேட்கத்தான் செய்யும்.

டான்டீ தனி நிறுவனம். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம்போல அதற்கும் வக்கீல் தனி. அரசு பிளீடர் என்பதாலேயே டான்டீக்கு நீங்கள் ஆஜராக வேண்டியதில்லை. உங்கள் வீட்டாருக்கோ சொந்தக்காரர்களுக்கோ நேரடியாகச் சம்பந்தப்பட்ட வழக்கில் அரசு எதிர்த்தரப்பாக வந்தால், எழுத்தில் தெரிவித்து வேறொருவரிடம் கட்டை ஒப்படையுங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மீதி வழக்குகளில் நீங்கள் அங்கே இருப்பது ஊருக்கு நல்லது என்றே நான் நம்புகிறேன். தாசில்தாருக்கு எதிராக ஒரு வயதான அம்மா தடையாணை கேட்டு வழக்குப் போடுகிறார், புறம்போக்கில் இருக்கும் குடிசையை இடிக்கக் கூடாது என்று. "ஆக்கிரமிப்பு, வழக்கைத் தள்ளுபடி செய்க" என்று குறிப்புரை வரும். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் ஏழாம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது. "நோட்டீஸ் கொடுத்தீர்களா? சார்பு செய்த நகல் எங்கே?" என்று நீங்கள் கேட்கும்போது பாதி உண்மை வெளியே வரும். கொடுக்கவில்லை என்றால், சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தபின்தான் நடவடிக்கை என்று நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். அரசுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்.

கூடலூர் நிலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இருக்கும் பலம் வெளியூர் வக்கீலுக்கு வராது. 1877 வரை மலபார் மாவட்டத்தோடு இருந்த பகுதி, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரை நிலவுடைமை. 1969-ல் கூடலூர் ஜென்மி எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்ததிலிருந்து இன்றுவரை, தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய "செக்‌ஷன் 17" என்றால் அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நாடு முழுக்கக் காடுகளுக்குப் பொருந்தும் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கே இந்த மண்ணில் மரம் வெட்டியதிலிருந்து கிளம்பியதுதான். அந்த வழக்கின் 1996 டிசம்பர் 12 உத்தரவைப் படிக்காமல் அங்கே ஒரு வழக்கை எடுக்க முடியாது. வருவாய்த் துறை ஒன்று சொல்லும், வனத் துறை வேறொன்று சொல்லும். இருவரும் பிரதிவாதிகள், வக்கீல் ஒருவரே. எதிர்வாதுரை தாக்கல் செய்யுமுன் இரு துறைக் கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்து, ஆட்சியரிடம் அரசின் நிலை எது என்று எழுத்தில் வாங்குங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவுகளான ஏ பதிவேடு, அடங்கல், புல வரைபடம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். முடிந்தால் சர்வேயரோடு இடத்துக்கே நடந்து போங்கள். சர்வே எண்ணுக்குள் யார் வீடு, எந்த ஓடை, எந்தத் தேயிலைப் பாத்தி என்று நின்று பார்த்தவர் எழுதும் எதிர்வாதுரையை நீதிபதி முதல் பக்கத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எதிர்வாதுரை மாதிரியை இணைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தர எனக்குச் சம்மதமே.

கேள்வி: ஏ.பி.பி. தேர்வுக்குத் தயாராகிறேன். பழைய சட்டங்களைப் படிப்பதா, புதியதா? ஐந்து வருட அனுபவத்தை எப்படிக் காட்டுவது?
– இளம் வழக்கறிஞர், கொடைக்கானல்

பதில்: இரண்டும். புதிய சட்டங்கள் அமலான 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ.தான் பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் நடக்கும். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள்: கொலை 302 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் 103; ஏமாற்று 420 இப்போது 318(4); திருட்டு 379 இப்போது 303(2). பழைய நடைமுறைச் சட்டத்தில் போலீஸ் வாக்குமூலம் 161 இப்போது பி.என்.எஸ்.எஸ். 180, மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் 164 இப்போது 183. மின்னணுச் சாட்சியத்துக்குரிய 65பி, புதிய சாட்சியச் சட்டத்தில் 63. மலையில் பணி கிடைத்தால் 1882 தமிழ்நாடு வனச் சட்டமும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அடிக்கடி கைக்கு வரும். ஆகவே அவற்றையும் விடாதீர்கள்.

அனுபவத்துக்கு, நீங்கள் வக்காலத்து அல்லது ஆஜர் மெமோ தாக்கல் செய்த குற்ற வழக்குகளின் நகல்களை ஆண்டுவாரியாக இன்றிலிருந்தே சேருங்கள். ஜாமீன் மனுக்களை மட்டும் அடுக்காமல், சாட்சி விசாரணை நடத்திய வழக்குகளின் தீர்ப்பு நகல்களையும் வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்தபிறகு ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நகல் பிரிவு நகல் பிரிவாக அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதை சம்பந்தமாக அரசு மீது வழக்குப் போட்டிருக்கிறோம். அரசு வக்கீலை நேரில் பார்த்து எங்கள் கஷ்டத்தைச் சொல்லலாமா?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் ஐயா. அவர் எதிர்த்தரப்பு வக்கீல். நீங்கள் மனம்விட்டுச் சொல்வதை அவர் தன் துறைக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். உங்கள் வக்கீல் மூலம் பேசுங்கள். அரசு மீதான வழக்குகளில் சமரசத்துக்கு இடமிருந்தால் நீதிமன்றமே உதவ வேண்டும் என்று 27-வது கட்டளையில் 5பி விதி இருக்கிறது. அதைக் காட்டி, வட்டாட்சியரோடு இடத்தைக் கூட்டாகப் பார்வையிட உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். பாதைத் தகராறுகள் பலவும் அங்கே, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே முடிந்திருக்கின்றன.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், உதகை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. சாதிச் சான்றையும் வழக்கு நகலையும் எடுத்துப் போங்கள்.